துரைக் கட்டில் – அத்தியாயம் 14: கால்மாட்டை யாரும் அளக்கவில்லை

போன வாரம் நேசம்மாவை அடுப்படிக்குள் விட்டுவிட்டு வந்தோம். தங்கை அருமைநாயகிக்கு நோய் முற்றிவிட்டது என்று மகள் ஜொய்சி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "உந்தக் கதையை இஞ்சை கொண்டு வராதை" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டு உள்ளே போனவர் அவர். உள்ளே போய் நின்று அழுதது ஜொய்சிக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்.

வாசகர்களில் பாதிப் பேருக்கு நேசம்மாவைப் பிடிக்காது. எனக்கும் சில வாரங்களில் அவரைப் பிடிப்பதில்லை. இருந்தாலும் இந்த வாரம் அவர் கூடவேதான் நாமும் போய்வர வேண்டியிருக்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்காள், தங்கை இருவருக்கும் சீதனத்தோடு ஆளுக்கொரு கட்டில் வந்தது. வட்டுக்கோட்டையில் ஒரு மிஷன் பங்களாவின் தளபாடங்களை ஏலத்தில் விட்டபோது தகப்பன் எலையாசர் வாத்தியார் எடுத்த சோடிக் கட்டில்கள் அவை. ஒரே முதிரை மரம், ஒரே கடைசல் கால்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒன்றையொன்று அடையாளம் தெரியாது.

வித்தியாசம் அகலத்தில் மட்டும். பங்களாத் துரை பருத்த மனிதராம். அவருடைய கட்டில் மற்றதைவிட மூன்று அங்குலம் கூட. அந்த நாளில் கட்டிலுக்கென்று கடை அளவு ஏது? படுக்கிறவரின் உடம்புதான் அளவு. அகலமானது 'துரைக் கட்டில்' என்ற பெயரோடு மூத்தவர் நேசம்மாவுக்கு வந்தது. துரையின் மனைவியுடையது 'அம்மாக் கட்டில்' என்று இளையவர் அருமைநாயகியோடு பண்டத்தரிப்புக்குப் போனது.

பிறகு தொண்ணூற்றைந்தில் சண்டைக்குள் ஊரோடு இடம்பெயர்ந்தார்கள். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீடுகள் வெறுமையாகக் கிடந்தன. யார் யாருடையவோ கட்டில், அலுமாரி, மேசை எல்லாம் கழற்றிய துண்டுகளாக ஒரு மண்டபத்தில் குவிந்திருந்தன. அருமைநாயகி முதலில் போய்த் தன்னுடையது என்று நினைத்ததை வண்டியில் ஏற்றினார். நேசம்மா மறுநாள் போய் மிச்சத்தை எடுத்தார். பூட்டிப் படுத்தால், கணவர் ஞானரட்ணத்தின் தலையணை இரவெல்லாம் கீழே விழுந்தது. தலைமாட்டை அளந்து பார்த்தார்கள். மூன்று அங்குலம் குறைவு.

வேறென்ன சாட்சி வேண்டும்? கொஞ்சக் காலத்தில் தாய் இறந்தபோது, பெட்டியை மூடுவதற்கு முன், செத்தவீட்டுக்கு வந்திருந்த சனம் அத்தனையும் பார்க்க நேசம்மா தங்கையைக் கைநீட்டிக் காட்டினார். "இவள் என்ரை கட்டிலைக் களவெடுத்த கள்ளி."

அருமைநாயகி ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அக்காளோடு ஒரு வார்த்தை கதைக்கவுமில்லை. அத்தான் ஞானரட்ணம் இறந்தபோதும் வரவில்லை.

பிள்ளைகள் மட்டும் கள்ளமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஜொய்சியும், அருமைநாயகியின் மகள் சுவர்ணாவும். இன்று காலை சுவர்ணாவின் அழைப்பு வந்தபோது ஜொய்சி கைபேசியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

"அக்கா, மெத்தை வந்திட்டுது. ஆனா கட்டிலுக்கை இறங்குதில்லை."

"ஏன்? அளவு குடுத்துத்தானே வெட்டுவிச்சனி?"

"ஓம். தலைமாட்டிலை அச்சொட்டா இருக்கு. கால்மாட்டுப் பக்கம் பிதுங்கி நடுவிலை மேடு கட்டுது. அம்மாவைப் படுத்தினா உருண்டு போய்ச் சட்டத்திலை முட்டுறா. முதுகுப் புண் திரும்பவும் பிஞ்சு போச்சு." அவள் அழுதாள்.

இனி இங்கே வைத்துச் செய்ய ஒன்றுமில்லை என்று அருமைநாயகியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்த தாதி, பழைய இலவம்பஞ்சு மெத்தை குழி விழுந்துவிட்டது, அழுத்தமான ரப்பர் மெத்தை போட்டால்தான் புண் ஆறும் என்று சொன்னார். சுவர்ணா யாழ்ப்பாணத்தில் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடையில் அடுக்கியிருந்த மெத்தைகளில் ஒன்றுகூட அந்தக் கட்டிலுக்குச் சரிவரவில்லை. ஒன்று இறங்காது, மற்றதில் பக்கத்துக்குப் பக்கம் கை போகிற இடைவெளி. கடைசியில் அளவு கொடுத்துச் செய்வித்தாள்.

"சுவர்ணா, எங்கை வைச்சு அளந்தனி?"

"தலைமாட்டிலை."

"கால்மாட்டை?"

"அதையேன் அளக்கோணும்? கட்டில் எண்டா ரெண்டு பக்கமும் ஒண்டுதானே."

"ஒருக்கா அளந்து சொல்லு."

சுவர்ணா அளந்து சொன்னாள். கால்மாடு மூன்று அங்குலம் ஒடுக்கம்.

ஜொய்சி கைபேசியை வைத்தாள். பிறகு வீட்டுக்குள் போய்த் தையல் மெசின் லாச்சியிலிருந்து அளவு நாடாவை எடுத்துத் தாயின் கட்டிலை அளந்தாள். தலைமாடு ஒடுக்கம். அது பழைய கதை. கால்மாடு மூன்று அங்குலம் அகலம். அது புதிய கதை.

இந்தக் குடும்பத்தில் இத்தனை வருடமும் ஒருவருக்கும் கால்மாட்டை அளக்கத் தோன்றவில்லை. அதற்கு அவசியமும் வரவில்லை. இலவம்பஞ்சு மெத்தை எந்தக் கோணலுக்கும் இணங்கிப் போகும். ஒடுக்கமான இடத்தில் நெரிந்து, அகலமான இடத்தில் பரவிக் கிடக்கும். ரப்பர் மெத்தைக்கு அந்தத் தாட்சணியம் கிடையாது.

"அம்மா, இஞ்சை ஒருக்கா வாங்கோ."

நேசம்மா ஈரக் கையோடு வந்தார். ஜொய்சி சுற்றி வளைக்கவில்லை.

"உங்கடை கட்டில்லை பாதி சின்னம்மாவின்ரை. அவவின்ரை கட்டில்லை பாதி உங்கடை. அண்டைக்கு அந்தக் குவியல்லை கால்மாட்டுப் பலகை ரெண்டும் மாறிப் போச்சு."

"விசர்க்கதை கதையாதை."

"இந்தாங்கோ நாடா. நீங்களே அளந்து பாருங்கோ."

நேசம்மா அளந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் அளந்தார். பிறகு கட்டில் விளிம்பில் இருக்கப் போனவர், இருக்காமல் நின்றுவிட்டார்.

"அப்ப அவள் எடுக்கேல்லை."

"எடுத்தவாதான். நீங்களும் எடுத்தனீங்கள். ரெண்டு பேருக்கும் தெரியாமல் எடுத்தனீங்கள்."

"நான் அவ்வளவு சனத்துக்கும் முன்னாலை சொன்னனான், பிள்ளை."

"ஓம்."

ஜொய்சி ஆறுதல் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. சின்னம்மாவின் மடியில் வளர்ந்த பிள்ளை அவள். ஒரே நாளில் அந்த மடியை இழந்தவள்.

"இன்னும் எவ்வளவு நாளாம்?" என்று நேசம்மா கேட்டார்.

"நாள் சொல்லேல்லை. இந்தக் கிழமை தாண்டுறதே பெரிய காரியம் எண்டு தாதி சொன்னவாவாம்."

நேசம்மாவுக்கு இனி உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. தங்கை கண்ணை மூடுவதற்கு முன் அவர் முகத்தைப் பார்த்து, நீ கள்ளி இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் அதை வெறுங்கையோடு போய்ச் சொல்லத் தெரியாத பெண் அவர். தன் பிழையைத் தானே சுமந்துகொண்டு ஒரு படலை வாசலில் நின்று அவருக்குப் பழக்கமில்லை.

"கால்மாட்டைக் கழட்டு" என்றார்.

"எதுக்கு?"

"அவளின்ரை மெத்தை துரைக் கட்டில் அளவுக்கு வந்திருக்கு. இந்தக் கால்மாட்டைப் பூட்டினா இறங்கும்."

"அம்மா, அது தேவையில்லை. கால்மாட்டுப் பக்கம் மூண்டு அங்குலம் வெட்டிவிட்டாச் சரி. கடைக்காரர் வெட்டித் தருவினம்."

"வெட்ட வேண்டாம் எண்டு சுவர்ணாவிட்டைச் சொல்லு."

"நீங்கள் சும்மா போய்ச் சொல்லலாமே, அம்மா."

"சும்மா போனா படலையடியிலை வைச்சே திருப்பி அனுப்புவாள். சாமானோடை போனா உள்ளுக்கை விடுவாள்." நேசம்மா நாடாவைச் சுருட்டினார். "என்ரை துரைக் கட்டில் முழுக்க அவளுக்கே. எனக்கு வேண்டாம். அதையும் சொல்லுவன்."

ஜொய்சி தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். சந்தியில் பட்டா என்கிற சின்ன லொறியோடு நின்ற கிறிஸ்ரோபர் வந்து, ஆப்புகளைத் தட்டி எடுத்து, கால்மாட்டைக் கழற்றிப் பின்னால் ஏற்றினார். சட்டங்கள் இரண்டும் தரையில் சரிந்தன.

பண்டத்தரிப்பு வரும்வரை நேசம்மா முன் இருக்கையில் இருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வெங்காயத் தோட்டங்களுக்கு இறைப்பு நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்ரோபர், அம்மா செபம் பண்ணுகிறா என்று நினைத்து, றேடியோவை நிற்பாட்டினார். நேசம்மா செபம் பண்ணவில்லை. "நாயகி, நான் பிழை விட்டிட்டன்" என்பதை எந்தக் குரலில் சொன்னால் சரி என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தரமும் அது அதட்டுகிற குரலாகவே வந்தது.

சுவர்ணா படலையில் காத்து நின்றாள். நித்திரை இல்லாத முகம்.

"பெரியம்மா, நீங்கள் வாறதெண்டு அம்மாவுக்குச் சொல்லேல்லை. மெத்தைக்கு ஆக்கள் வருகினம் எண்டுதான் சொன்னனான். கொஞ்ச நேரம் முற்றத்திலை இருங்கோ. நல்லாப் படுத்தாப் பிறகு நானே வந்து கூப்பிடுறன்."

"சரி, பிள்ளை. நீ சொல்லுற மாதிரி."

நேசம்மா இப்படிப் பணிந்து கேட்டதை ஜொய்சி தன் வாழ்நாளில் கண்டதில்லை. முருங்கை மரத்தடியில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு இருத்தினார்கள். சுவர்ணாவின் கணவன் டினேசும் கிறிஸ்ரோபரும் கால்மாட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள்.

சுத்தியல் சத்தம் கேட்டது. மெத்தையை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு "இறங்கீட்டுது, இறங்கீட்டுது" என்று டினேஸ் சொன்னான். சாய்மனைக் கதிரையில் கிடந்த அருமைநாயகியை சுவர்ணாவும் ஜொய்சியுமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள்.

"அப்பாடா" என்றது ஒரு குரல்.

நேசம்மா கதிரையை விட்டு எழுந்துவிட்டார். எத்தனை காலத்துக்குப் பிறகு கேட்கிற குரல். சின்ன வயதில் பக்கத்துப் பாயில் கிடந்து கதை சொல்லச் சொல்லி அரித்தெடுத்த குரல்.

"இப்பதான் சுவர்ணா, உடம்பு கிடையாக் கிடக்கு. இனிக் கொஞ்சம் கண் மூடலாம்."

நேசம்மா சேலையைச் சரிசெய்துகொண்டார். இன்றைக்கு ஒரு நாளாவது கடவுள் கண் திறந்தார் என்று நினைத்தார். கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே படிவரை நடந்தார். நாமும் அப்படித்தான் நினைத்தோம்.

"சுவர்ணா, இதென்ன சிவப்பா இருக்கு? எங்கடை கால்மாடு கறுப்பெல்லோ?"



ஞானரட்ணம் உயிரோடு இருந்தபோது, ஊர் திரும்பிய பிறகு வந்த ஒரு நத்தார்ப் பெருநாளுக்குத் தன் வீட்டுத் தளபாடம் முழுவதற்கும் சிவப்பு வார்னிஷ் அடித்தார். அதை யாரும் யோசிக்கவில்லை.

"ஆரின்ரை கால்மாடு இது?"

நேரே கேட்டால் சுவர்ணாவுக்குத் தாயிடம் பொய் சொல்லத் தெரியாது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு கட்டிலும் மாறிக் கிடந்ததை, அளந்ததை, பெரியம்மா தானாகக் கொண்டுவந்ததை. நேசம்மா படியில் நின்று அத்தனையையும் கேட்டார்.

அருமைநாயகி கேட்டார்.

"அப்ப இது இப்ப முழுத் துரைக் கட்டில்."

"ஓம், அம்மா."

"அக்கான்ரை கட்டில்."

"அவ மனமொத்துத் தந்தவா அம்மா. உங்களுக்கே எண்டு..."

"இவ்வளவு காலமும் ஒண்டையும் எடுக்காமல் கள்ளி எண்ட பேரோடை இருந்திட்டன். இப்ப சாகப்போற நேரத்திலை தன்ரை கட்டிலை முழுசாக் கொண்டந்து எனக்குக் கீழை வைச்சுப்போட்டா. இதிலை கிடந்து நான் செத்தா, அவ சொன்னது சரியெண்டு ஆகாதோ?" மூச்சு வாங்கியது. "என்னை இறக்கு."

"அம்மா, புண்..."

"பாயை விரி, சுவர்ணா."

"சின்னம்மா, சொல்லுறதைக் கேளுங்கோ" என்று ஜொய்சி கெஞ்சினாள்.

"உன்னிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை, ராசாத்தி. பாயை விரியுங்கோ."

நேசம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கொடுக்க வந்தார். கொடுத்ததிலேயே தங்கையைக் கள்ளியாக்கிவிட்டார். அந்த மெத்தையை மூன்று அங்குலம் வெட்ட விட்டிருந்தால், தன் சொந்தக் கட்டிலில் என்ற நினைப்போடு அருமைநாயகி நிம்மதியாகக் கிடந்திருப்பார். எதையும் சும்மா செய்யத் தெரியாத தன் புத்தியை நேசம்மா முதல் முறையாக வெறுத்தார்.

யாரும் கூப்பிடாமலே உள்ளே போனார்.

கட்டில் அறையின் நடுவே வெள்ளை மெத்தையோடு ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. அதில் யாரும் இல்லை. பக்கத்தில் நிலத்தில் பாய். பாயில் ஒரு குழந்தையளவு உடம்பு, முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக் கிடந்தது. சுவர்ணா முதுகுக்குக் கீழே பழைய சேலைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். டினேஸ் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

"நாயகி." நேசம்மா நிலத்தில் உட்கார்ந்தார். முழங்கால் நோவை அவர் பொருட்படுத்தவில்லை. "நான்தான்."

"குரல் தெரியுது."

"நான் பிழை விட்டிட்டன். தலைமாட்டை மட்டும் அளந்துபோட்டு வாயை விட்டிட்டன். நீ கள்ளி இல்லையடி."

அந்தக் குரலில் அதட்டல் இல்லை. தேடித் தேடி வராத குரல், இப்போது தானாக வந்திருந்தது. அருமைநாயகி திரும்பவில்லை.

"அண்டைக்கும் இப்பிடித்தான் காதுக்கை சொன்னனியோ?"

நேசம்மா பாயின் விளிம்பை நேராக்கினார்; அருமைநாயகி நிறுத்தவில்லை.

"அம்மான்ரை பெட்டியடியிலை நிண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னனி. எனக்கு நான் கள்ளி இல்லை எண்டு அண்டைக்கே தெரியும், அக்கா. எனக்கு என்னத்துக்கு வந்து சொல்லுறாய்? கேட்ட சனத்திட்டைப் போய்ச் சொல்லு."

"ஆர் இருக்கினம், நாயகி? அரைவாசிப் பேர் செத்துப் போச்சினம். மிச்சம் கனடாவிலையும் லண்டனிலையும். நான் ஆரிட்டைப் போய்ச் சொல்ல?"

"தெரியும். ஒருத்தரும் இல்லை." அருமைநாயகி கண்ணை மூடினார். "அதாலைதான் நான் ஒண்டையும் எதிர்பாத்துக்கொண்டு இருக்கேல்லை. நீ போ."

அக்கா என்று கூப்பிட்டதே போதும் என்று வேறு யாராவது எழுந்து போயிருப்பார்கள். நேசம்மா எழுந்தார். வீட்டுக்குப் போகவில்லை. படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையில் இறங்கினார்.

"அம்மா, எங்கை போறியள்?" ஜொய்சி பின்னால் ஓடி வந்தாள்.

"சொல்லப் போறன்."

பக்கத்து வீட்டுப் படலையில் துருப்பிடித்த பூட்டு. முற்றத்தில் புல் இடுப்பளவு. அந்த வீட்டுக்காரர் அன்றைக்குத் தாயின் பெட்டியைத் தூக்கிய நால்வரில் ஒருவர், போய்ச் சேர்ந்துவிட்டார். பிள்ளைகள் ரொறன்ரோவில். எதிர்வீட்டுக்குக் கூரையே இல்லை. நேசம்மா இரண்டையும் பார்த்தார். மூன்றாவது வீட்டில் கொடியில் துணி காய்ந்தது. அவர் அங்கே போய்ப் படலையைத் தட்டினார்.

"வீட்டுக்காரர்! ஆரும் நிக்கிறியளோ?"

ஓர் இளம் பெண் வந்தாள். பெயர் கஜானி. மீசாலையிலிருந்து வந்து கொஞ்ச மாதமாக அந்த வீட்டில் வாடகைக்கு இருப்பவள்.

"ஆர் அம்மா நீங்கள்?"

"நான் அருமைநாயகியின்ரை அக்கா."

"ஐயோ, அவவுக்கு ஏதும்...?"

"இல்லை. இருக்கிறா. நான் ஒரு விசயம் சொல்ல வந்தனான்." நேசம்மா ஒழுங்கை முழுக்கக் கேட்கக் குரலை உயர்த்தினார். "என்ரை தங்கச்சி கள்ளி இல்லை. அவ ஒருநாளும் ஒருத்தற்றை ஒரு சாமானையும் களவெடுத்தவா இல்லை."

கஜானி விழித்தாள். அவளுக்குத் தெரிந்த அருமைநாயகி, வேலிக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டுகிற, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வந்து செபம் பண்ணிவிட்டுப் போகிற ஒரு மனுசி.

"அவவோ? அவவை ஆர் அம்மா கள்ளி எண்டது?"

"நான்தான் சொன்னனான். முந்தி."

"அம்மா, போதும். வாங்கோ" என்று ஜொய்சி கையைப் பிடித்தாள். நேசம்மா உதறினார்.

கஜானி வெளியே வந்து படலையைச் சாத்திக்கொண்டு நெருங்கி நின்றாள். அவள் குரல் தணிந்தது.

"எனக்கு ஒண்டும் தெரியாதே, அம்மா. இவ்வளவு நாளும் பழகுறம், ஒருத்தரும் ஒரு கதை சொல்லேல்லையே. என்னத்தை எடுத்தவா எண்டு கதை?"

நேசம்மா வாயைத் திறந்தார். கட்டில் என்று சொல்லப் போனவர், அந்தப் பெண்ணின் முகத்தைக் கண்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அதில் இரக்கம் இருந்தது. அதைவிடக் கூடுதலாக ஆவல் இருந்தது.

உள்ளேயிருந்து இன்னொரு பெண் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"ஆராம், கஜானி, கள்ளி?"